குடத்தோடு கப்பல் ஏறியவர்கள்

கோவில்பட்டிச் செண்பகவல்லி தீபாவளிக்கு ஒரு பிளாஸ்டிக் குடம் வாங்கினாள். கடைக்காரர் குடத்தோடு ஒரு குலுக்கல் சீட்டையும் கொடுத்தார். மற்றவர்களுக்கெல்லாம் கரண்டியும் வடிகட்டியும் விழ, இவளுக்கு விழுந்தது கப்பல் பயணம். நாலு பேர் போகலாம். சென்னையில் ஏறி, கடலுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, மூன்றாம் நாள் காலை சென்னையிலேயே இறங்க வேண்டும்.

வல்லிக்குத் தலைகால் புரியவில்லை. அவள் தெருக் குழாயில் பத்து நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும். வரும்போது பிடித்தால் உண்டு. முப்பது வருஷமாய்க் குடம் தூக்கியதில் இடுப்பே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.

"எந்தப் பக்கம் திரும்புனாலும் தண்ணியா இருக்கணும். ஒரே ஒரு தடவ அப்படிப் பாத்துட்டா எனக்குப் போதும்" என்றாள். திருச்செந்தூரில் பார்த்த கடலுக்கு ஒரு பக்கம் கரை இருந்ததால் அதை அவள் கணக்கில் சேர்க்கவில்லை.

புருஷன் சங்கரபாண்டி, அவர் தம்பி கோமதிநாயகம், வல்லியின் தம்பி வேலுச்சாமி, வல்லி. இந்த நாலு பேர்தான் கோஷ்டி. பயண ஆபீசில், முதன்முதலாகக் குடும்பத்தோடு கப்பலில் போகிறவர்களுக்கான குறிப்புகள் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். சங்கரபாண்டி அதற்கு லேமினேஷன் போட்டு, கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டார். அச்சில் வந்துவிட்டால் அவருக்கு அது வேதம்.

'கப்பலின் நடுவில் உள்ள அறையில் ஆட்டம் குறைவு' என்றது முதல் குறிப்பு. அவர் ஆபீசுக்கே போய், நட்டநடு அறைதான் வேண்டும், ஒரு சாண் கூட விலகக் கூடாது என்று சண்டை போட்டு வாங்கினார்.

'துறைமுகத்துக்கு முன்கூட்டியே வந்துவிடவும்' என்றது அடுத்த குறிப்பு.

"முன்கூட்டின்னா எம்புட்டு அத்தான்?" என்றான் வேலுச்சாமி.

"ரயிலுக்கு எம்புட்டு நேரம் முன்னாடி போவோம்?"

"ஒரு மணி நேரம்."

"கப்பல் ரயில விட எத்தன மடங்கு பெருசு?"

ஆண்கள் மூவரும் யோசித்து இருபத்துநாலு மடங்கு என்று முடிவுகட்டினார்கள். அதனால் முந்தின நாளே போய், துறைமுகக் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஜமுக்காளம் விரித்துப் படுத்தார்கள். சென்னைக் கொசு விருந்தாளி என்று தயவு பார்க்கவில்லை. விடியும்போது நாலு பேருக்கும் உடம்பெல்லாம் சிவப்புச் சிவப்பாய்த் தடித்திருந்தது.

'முதல் நாளுக்கு வேண்டிய அத்தியாவசியப் பொருளைக் கையோடு வைத்திருக்கவும்' என்றும் போட்டிருந்தது. வல்லி குடத்தை எடுத்துக்கொண்டாள். அது கைப்பைக்குள் நுழையவில்லை. கைப்பையைக் குடத்துக்குள் போட்டு இடுப்பில் வைத்துக்கொண்டு கப்பல் ஏறினாள்.

நட்டநடு அறைக்கு சன்னல் ஏது? நாலு பக்கமும் சுவர்.

"என்னங்க, கடல் எங்க?" என்றாள் வல்லி.

"மேல போய்ப் பாக்கலாம். மொதல்ல குறிப்பு" என்றார் சங்கரபாண்டி. 'எல்லாக் கதவும் ஒன்றுபோல் இருக்கும். உங்கள் கதவில் ஓர் அடையாளம் வைத்துவிட்டு வெளியே செல்லவும்.'

"சாக்பீஸ்ல கோடு போடுவமா?" என்றான் வேலுச்சாமி.

"அழிச்சிருவாங்க மாப்ள" என்றான் கோமதிநாயகம். "மரத்தடியில பல்லு வெளக்க நான் ஒடிச்ச வேப்பங்கொப்பு இருக்கு. அதக் கட்டுவோம். வேப்பிலை கட்டுன வீட்டுக்குள்ள எவனாவது தப்பித்தவறி நுழைவானா?"

அடடா என்று பாராட்டிக் கட்டினார்கள். கட்டியபின், கதவின் இடப்பக்கம் கட்டுவதா வலப்பக்கம் கட்டுவதா என்று வழக்கு வந்தது. அது தீர்வதற்குள் இருட்டிவிட்டது.

மறுநாள் காலை வல்லி புதுச்சேலை கட்டி மேலே போகக் கிளம்பும்போது கதவு தட்டப்பட்டது. அறையைப் பெருக்க வந்த சேவியர் பிச்சை தூத்துக்குடிக்காரர். வாசலில் வேப்பிலையைப் பார்த்தால் அவருக்குத் தெரியாதா? கன்னத்தில் போட்டுக்கொண்டு ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்துவிட்டார். டாக்டர் வடக்கத்திக்காரர். நாலு பேர் கையிலும் இருந்த சிவப்புத் தடிப்பை எட்ட நின்றே பார்த்துவிட்டு ஏதோ சொன்னார்.

"உங்க நாலு பேருக்கும் அம்மையாம். கரை சேர்ற வரைக்கும் வெளிய வரக் கூடாதாம்" என்றார் பிச்சை.

வல்லி வாயைத் திறந்தாள். சங்கரபாண்டி தாளைத் தூக்கிக் காட்டினார். 'கப்பல் ஊழியர்கள் சொல்வதை மறுபேச்சின்றி ஏற்கவும்.'

"அம்மைதாங்க" என்றார் பணிவாக.

கதவு சாத்தப்பட்டது. இருக்கிறது ஒரே பகல். நாளைக்கு விடிந்தால் சென்னை. வல்லி கட்டிலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். "கடலுக்குள்ள வந்து செவுத்தப் பாத்துட்டுப் போறதுக்கா இந்தச் சேலைய எடுத்தேன்?"

ஆண்கள் மூவரும் ஆலோசனையில் இறங்கினார்கள்.

"டாக்டர் பொய் சொல்ல மாட்டாரு. ஆத்தா வந்துதான் இருக்கா" என்றான் கோமதிநாயகம்.

"சத்தமாப் பேசாத. இந்த அறைக்கு நாலு பேருதான்னு போட்டிருக்கு. அஞ்சாவதா ஒருத்தி வந்திருக்கான்னு தெரிஞ்சா டிக்கெட் கேப்பான்" என்றார் சங்கரபாண்டி.

"அப்ப அவள மரியாதையா வழியனுப்பிருவோம். வேப்பிலை போட்டுத் தலைக்குத் தண்ணி ஊத்துனா ஆத்தா எறங்கிருவா. அக்காவும் கடலப் பாத்துரும்" என்றான் வேலுச்சாமி.

வேப்பங்கொப்பைக் கதவிலிருந்து அவிழ்த்து, இலையை உருவி, ஆளாளுக்குக் குளியலறையில் குடத்தால் மூன்று தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். இலையெல்லாம் போய்த் தண்ணீர் போகிற ஓட்டையை அடைத்துக்கொண்டது. கடைசியாகக் குளித்தவள் வல்லி.

குழாயை அவள் மூடவில்லை. பாவம், அவளுக்கு மூடிப் பழக்கமில்லை. கோவில்பட்டியில் குழாய் தானாகத்தான் நிற்கும். வருகிற தண்ணீரை வேண்டாமென்று திருகி நிறுத்த எந்தப் பெண்ணுக்காவது மனசு வருமா? குடத்தில் பிடித்தாள். வாளி, குப்பைக்கூடை, பல் விளக்கும் டம்ளர், சங்கரபாண்டியின் புதுத் தொப்பி எல்லாவற்றிலும் பிடித்தாள். தண்ணீர் நின்றபாடில்லை. குளியலறை வாசலைத் தாண்டி வழிந்து, அறைக்குள் வந்து, கட்டில் காலைச் சுற்றி ஏறியது.

நாலு பேரும் கட்டில் மேல் ஏறினார்கள். 'மிதவைச் சட்டை இருக்குமிடத்தை அறிந்துவைக்கவும்' என்ற குறிப்புப்படி கோமதிநாயகம் நேற்றிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்ததால் உடனே எடுத்துக் கொடுத்தான். மாட்டிக்கொண்டார்கள். செருப்புகள் மிதந்து போயின.

வல்லி இந்தப் பக்கம் பார்த்தாள், தண்ணீர். அந்தப் பக்கம் பார்த்தாள், தண்ணீர். எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர்!

"என்னங்க, கடல் உள்ள வந்திருச்சுங்க" என்றாள். கண் நிறைந்துவிட்டது. குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தாள். "அய்யோ, தித்திக்குது!"

சேவியர் பிச்சை கதவைத் திறந்தபோது கடல் அவரையும் தள்ளிக்கொண்டு நடைபாதையில் ஓடியது. அவர் ஈரத்தோடு நீந்தாத குறையாய் உள்ளே வந்து குழாயை மூடிவிட்டு, தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

ஊர் திரும்பிய வல்லி குழாயடியில் விஷயத்தைச் சொன்னாள். "உப்பெல்லாம் கரையோரத்துலதான்டி. நடுக்கடல் தண்ணி இளநீர்தான். எம் வாயால குடிச்சேன்." சாட்சிக்கு அந்தக் குடம் நிறையக் கொண்டு வந்திருந்தாள். தெருவே ஒரு வாய் குடித்துப் பார்த்தது. உண்மைதான்.

அடுத்த வாரம் முப்பத்திரண்டு பெண்கள் ஆளுக்கொரு குடத்தோடு பயண ஆபீசுக்குப் போய் வரிசையில் நின்றார்கள். அங்கிருந்த பெண், கடல் நன்றாகத் தெரியும், பெரிய சன்னல் வைத்த அறையே தருகிறேன் என்றாள்.

"சன்னலே வேண்டாம் தாயி" என்றாள் முன்னால் நின்ற வல்லி. "பிடிக்கிறதுக்குள்ள கடல் அது வழியா வெளிய போயிரும்."