நண்டு நேராக நடந்த காலம்

அந்தக் காலத்தில், எல்லா உயிருக்கும் பேச்சு இருந்தபோது, குளக்கரைச் சடுகுடுவுக்கு அளையப்பன் என்ற நண்டுதான் நடுவர். அப்போது அதுவும் மற்றவர்களைப் போல நேராகத்தான் நடந்தது.

அதன் தப்புத் தீர்ப்புகளை ஆட்காட்டிக் குருவி வரிசை பிசகாமல் மனதில் வைத்திருந்தது. முதல் ஆட்டத்தில், யாரும் தொடாத ஆமையை நண்டு வெளியே அனுப்பியது. இரண்டாவதில், பாட்டை நிறுத்தி மூச்சு வாங்கிய எதிரணிக் கீரியை விட்டுவிட்டது. மூன்றாவதில், கோட்டுக்குத் திரும்பிவிட்ட கொக்கை அவுட் என்றது. நான்காவது, நேற்று: தவளை கோட்டைத் தொட்டும் அவுட். அத்தோடு ஆட்காட்டியின் அணி தோற்றது. தோற்றவர்கள் நாணல் கரையை விட்டுப் போக வேண்டும் என்பது பந்தயம். அந்த நாணல் மறைவில்தான் ஆட்காட்டி முட்டையிடும். இந்த முறை அதற்கு இரண்டே நாள்தான் இருந்தது.

விடிந்ததும் ஆட்காட்டி எல்லோரையும் நண்டு வளைக்கு முன்னால் திரட்டிவிட்டது.

"வெளியே வாங்க நடுவரே. கீரி வீட்டு விருந்து செரித்துவிட்டதா?"

நண்டு வந்தது. "நான் யார் வீட்டிலும் சாப்பிடவில்லை அக்கா."

"பிறகு தவளைக்கு ஏன் அவுட் கொடுத்தாய்?"

"தெரியவில்லை. கோட்டோரமாக நடந்துபோகிறேன். ஆட்டம் முதுகுக்குப் பின்னால் நடந்துவிடுகிறது. திரும்பினால் எல்லோரும் கத்துகிறீர்கள். எந்தப் பக்கம் சத்தம் அதிகமோ அந்தப் பக்கம் சொல்லிவிடுவேன்."

ஆட்காட்டி திகைத்தது. இத்தனை நாள் ஒரு திருடனைத் திட்டுவதாக நினைத்திருந்தது. முன்னால் நிற்பதோ திருடன் இல்லை. தவளை கோட்டைத் தொட்டதைத் தானும் பார்த்ததா, சும்மா கத்தியதா? யோசிக்க யோசிக்கக் குழம்பியது.

"பார்க்காமல் சொன்னது செல்லாது. தவளை பாடிப்போன கடைசிப் பாட்டை மறுபடி ஆடுங்கள். இனி களத்தைப் பார்த்த முகத்தைத் திருப்பவே மாட்டேன்" என்றது நண்டு.

"சொன்னது சொன்னதுதான்" என்று கீரி முனகியது. யாரும் கேட்கவில்லை.

"ஒரு நிபந்தனை" என்றது ஆட்காட்டி. "தீர்ப்புச் சொன்னவர் பெயரை, தோற்றவர் சாட்சிகள் முன்னால் சத்தமாகச் சொல்ல வேண்டும். தப்பென்றால் நாளை யாரைக் கேட்பது?"

தவளை பாடிக்கொண்டு போனது. கீரி அதன் காலைப் பிடித்தது. கோட்டை நோக்கித் தவளை கீரியையும் இழுத்துக்கொண்டு வர, நண்டு முகம் திருப்பாமல், கண்களைத் தூக்கிக்கொண்டு, பக்கவாட்டில் ஓடியது. தவளைக்கு மூச்சு முட்டிப் பாட்டு நின்றுவிட்டது.

"தொட்டாச்சு!" ஆட்காட்டியின் அணி கரை அதிரக் கத்தியது.

நண்டு கொடுக்கைத் தூக்கியது. "இல்லை. ஒரு விரல்கடை பாக்கி. பார்த்தேன்."

ஆட்காட்டியும் இந்த முறை பார்த்திருந்தது. கேட்டது கிடைத்தது, கரை போனது. இது வெற்றியா தோல்வியா என்று அதற்கு விளங்கவேயில்லை. ஆனாலும் கொடுத்த பேச்சு பேச்சுதான். மறைவில்லாத கல்மேட்டில் ஏறி நின்றது.

அன்று முதல்தான் நண்டு பக்கவாட்டில் நடக்கிறது. ஆட்காட்டி கட்டாந்தரையில் முட்டையிட்டு, அந்த வழியாக யார் போனாலும் ஊரறியக் கத்துகிறது. அங்கே நின்று அது முதலில் கத்தியது இதைத்தான்:

"சாட்சிகளே, கேளுங்கள். தீர்ப்புச் சொன்னவர், வடகரை வளை அளையப்பன்."