செல்லப்பாண்டியின் முப்பத்தேழு விநாடி

சீடருக்கு வயது ஐம்பத்தேழு. குருவுக்கு நாற்பத்தொன்று.

சேலத்தில் இருபத்தெட்டு வருடம் மூளை அறுவை செய்த டாக்டர் தாமோதரன், மூன்று மாத விடுப்பில் மதுரைக்கு வந்து டாக்டர் ஜுலைகாவின் அறை வாசலில் நின்றார். மூளையின் ஆழத்தில் வளரும் புற்றுக்கட்டிகளை அந்த அம்மா ஒரு சிறு குழாய் வழியாக எடுக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தார். பார்த்துக் கற்றுக்கொள்ள வந்தார்.

அவர் உள்ளே நுழைந்ததும் ஜுலைகா எழுந்து நின்றார். ஜுலைகா நின்றதால் தாமோதரன் உட்காரவில்லை. தாமோதரன் உட்காராததால் ஜுலைகாவும் உட்காரவில்லை.

"ரெண்டு பேரும் இப்படியே நின்னுக்கிட்டிருந்தா ஓ.பி.யை யாரு பாக்குறது?" என்றார் சிஸ்டர் ரெஜினா. அதற்குப் பிறகுதான் இருவருக்கும் நாற்காலி கண்ணில் பட்டது.

"நீங்க எனக்கு எக்ஸாமினரா வந்தீங்க சார்," என்றார் ஜுலைகா. "பதினோரு வருஷத்துக்கு முந்தி. சென்னையில."

"ஞாபகம் இருக்கு மேடம். அதனாலதான் பஸ் ஏறும்போதே கொஞ்சம் கூச்சமா இருந்தது. பெயில் போட்டேனா?"

"இல்ல. முழு மார்க்."

"என்ன கேட்டேன்?"

"ஆழத்துல கட்டி இருந்தா எந்த வழியில போறது சிறந்ததுன்னு கேட்டீங்க."

தாமோதரன் சிரித்துவிட்டார். "அதையே கேக்கத்தான் இப்பவும் வந்திருக்கேன். அன்னிக்கு என்ன பதில் சொன்னீங்க?"

"அந்தப் பதிலை மறக்க எனக்கு ஆறு வருஷம் ஆச்சு சார். மறுபடி ஞாபகப்படுத்தாதீங்க."

தாமோதரன் அறிந்த வழி தகட்டு வழி. மண்டையோட்டில் உள்ளங்கை அளவு திறந்து, மெல்லிய எஃகுத் தகடுகளால் மூளையை விலக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்க வேண்டும். இடம் தாராளம், வெளிச்சமும் தாராளம். ஆனால் தகடு அழுத்துகிற இடம் அடிபடும்.

ஜுலைகாவின் வழியில் தகடு கிடையாது. மூளையின் இரண்டு மடிப்புகளுக்கு நடுவே, பெருவிரல் பருமனுள்ள, கண்ணாடி போன்ற குழாய் ஒன்று மெல்ல இறங்கும். நரம்பிழைகள் அறுபடாமல் இரண்டு பக்கமும் ஒதுங்கிக்கொள்ளும். ஆனால் குழாயின் வாய் எவ்வளவோ அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரியும்.

அடுத்த வருடத்திலிருந்து எதைச் சொல்லிக்கொடுப்பது என்று சேலத்துக் கல்லூரி அவரிடம் அறிக்கை கேட்டிருந்தது. தாமோதரன் ஒரு பெரிய தாளில் கோடு போட்டு, ஒரு பக்கம் 'தகடு' என்றும் மறுபக்கம் 'குழாய்' என்றும் எழுதினார். தகட்டுப் பக்கத்தை நிரப்பத் தன்னுடைய பழைய குறிப்புகள் இருந்தன. குழாய்ப் பக்கத்துக்கு ஜுலைகாவிடம் கேட்டார்.

ஜுலைகா ஆறு கெட்டி அட்டை நோட்டுகளை எடுத்துக் கொடுத்தார்.

"நூத்தி நாப்பது பேர் இருக்காங்க சார். பாருங்க."

ஆளுக்கு ஒரு பக்கம். கட்டியின் அளவு, எடுத்தது எத்தனை சதவீதம், எத்தனை மணி நேரம் என்று தாமோதரன் எதிர்பார்த்ததெல்லாம் இருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அவர் எதிர்பார்க்காத ஒரு வரியும் இருந்தது.

'பெரியகுளம் தையல்காரர். ஊசியில் நூல் கோத்தார், மூன்றாவது முயற்சியில்.'

'கணக்கு டீச்சர். பதினேழாம் வாய்ப்பாடு கீழிருந்து மேலே, ஒரு தப்பு.'

'மின்வாரிய லைன்மேன். வலது காலில் மட்டும் நின்றார், பன்னிரண்டு விநாடி. கீழே விழப்போனதற்கு என்னைத் திட்டினார்.'

அறுவைக்குப் பிறகு அதே சோதனை மறுபடி நடந்திருந்தது. அதே மையில், பக்கத்தின் அடியில். தையல்காரர் இரண்டாவது முயற்சியிலேயே கோத்துவிட்டார். டீச்சருக்கு இரண்டு தப்பு. லைன்மேன் மறுபடியும் திட்டியிருந்தார்.

மூன்று நாள் தாமோதரன் அந்த நோட்டுகளோடு மல்லுக்கட்டினார். நாலாம் நாள் காலையில் வந்து நின்றார்.

"மேடம், இதை வெச்சு சராசரி எடுக்க முடியலை. தையல்காரரையும் டீச்சரையும் எப்படிக் கூட்டறது?"

"கூட்டிப் பாத்தீங்களா சார்?"

"பாத்தேன். வரலை."

"எனக்கும் வரலை," என்று சொல்லிவிட்டு ஜுலைகா வார்டுக்குப் போய்விட்டார்.

அந்த வாரம்தான் செல்லப்பாண்டி வந்து சேர்ந்தார். தென்காசிப் பக்கத்துக்காரர். வயது நாற்பத்துநாலு. பெண்கள் கபடி அணி ஒன்றின் பயிற்சியாளர். இடப்பக்க மூளையின் நடு ஆழத்தில் எலுமிச்சை அளவு கட்டி. பேச்சுக்குப் போகிற நரம்பிழைகளின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. கூட மனைவி முப்பிடாதி வந்திருந்தார்.

"முழுசா எடுத்திருவியளா டாக்டரம்மா?" என்று முப்பிடாதி கேட்டார்.

"பெரும்பகுதியை எடுப்போம். மிச்சத்துக்குக் கதிர்வீச்சு, கரண்டுன்னு சொல்வாங்களே, அது வைக்கணும், மாத்திரை சாப்பிடணும். ஆனா இது திரும்ப வர்ற ரகம்மா. நான் கொடுக்கப் பாக்குறது வருஷக் கணக்குல ஆயுசு. எத்தனை வருஷம்னு கேக்காதீங்க, எனக்குத் தெரியாது."

முப்பிடாதி கணவரைப் பார்த்தார். செல்லப்பாண்டி தன் கை விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த வருசத்துல பேச்சு இருக்குமா மேடம்?"

"கட்டி பேச்சு நரம்பு மேலதான் சாஞ்சிருக்கு. காப்பாத்தப் பாக்குறேன்."

"பேச்சு போச்சுன்னா வருசத்த வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய? கோட்டுக்கு வெளிய நின்னு கத்துறதுதான் என் பொழப்பு. வீட்டுலயும் அதான்."

"வீட்டுல கத்துறது மட்டும் போனா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்," என்றார் முப்பிடாதி.

செல்லப்பாண்டிக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பின் முடிவில் ஒரு சொல் வாயில் சிக்கி, இரண்டு தடவை தேடித்தான் கிடைத்தது. அதை அங்கே இருந்த எல்லாரும் கவனித்தார்கள்.

ஜுலைகா கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"எனக்கு ஒரு தடவை பாடிக் காட்டுங்க."

"என்னது மேடம்?"

"கபடி. ஒரே மூச்சுல."

அவர் கூச்சப்பட்டார். பிறகு லுங்கியை மடித்துக் கட்டி, கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே உடம்பைத் தாழ்த்தி நின்று, மூச்சை இழுத்துக்கொண்டு ஆரம்பித்தார். கபடி, கபடி, கபடி. வார்டு அடங்கியது. பக்கத்துக் கட்டில் பெரியவர், அறியாமலேயே, வெளியே தொங்கிய காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"முப்பத்தேழு விநாடி," என்றார் ஜுலைகா.

"முந்தியெல்லாம் அம்பதைத் தாண்டும் மேடம்."

"எனக்கு இது போதும்." நோட்டில் புதுப் பக்கம் திருப்பி எழுதிக்கொண்டார்.

அறைக்குத் திரும்பியதும் தாமோதரன் ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்தார்.

"தகடா, குழாயா?"

"குழாய்."

"ஏன்?"

ஜுலைகா ஸ்கேனின் மேல் பேனாவைக் கிடத்தினார். "கட்டி இப்படி நீளவாக்குல படுத்திருக்கு. நரம்பும் இப்படியே ஓடுது. அதோட திசையிலேயே போயிடலாம்."

"அப்ப ஆழத்துக் கட்டிக்குக் குழாய்தான் சிறந்ததுன்னு எழுதிக்கட்டுமா?"

"வியாழக்கிழமை ஆபரேஷன். அது முடிஞ்சு எழுதுங்க சார்."

வியாழன் காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தார்கள். குழாய் இறங்குவதைத் தாமோதரன் பக்கத்து மைக்ரோஸ்கோப் கண்ணில் பார்த்துக்கொண்டிருந்தார். ஜுலைகா அதை அழுத்தவே இல்லை. மூளை இடம் கொடுக்கக் கொடுக்க, கொடுத்த அளவுக்குப் போனார். நான்கு சென்டிமீட்டர் இறங்கப் பதினைந்து நிமிடம் ஆனது. அந்தப் பதினைந்து நிமிடத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. இந்த வேலையில் தான் அவசரப்பட்ட நாட்கள் தாமோதரனுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன.

ஒன்றரை மணி நேரத்தில் கட்டியில் பெரும்பகுதி வந்துவிட்டது.

அப்போது குழாயின் அடியில் சிவப்பு ஊறியது. ஜுலைகா பஞ்சு வைத்துப் பொறுத்துப் பார்த்தார். கழுவினார். மறுபடி ஊறியது. குழாயை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். ரத்தம் வருகிற வாய், குழாயின் விளிம்புக்கு அப்பால் எங்கோ ஒரு மூலையில் இருந்தது. மூன்றாவது தடவை பஞ்சை எடுத்ததும் குழாயே நிறைந்தது.

மயக்க மருந்து டாக்டர் திரையைப் பார்த்தார். "பிரஷர் இறங்குது மேடம்."

இப்படிப்பட்ட நேரத்தில் ஒரு சர்ஜன் என்ன செய்வார் என்று தாமோதரனுக்குத் தெரியும். தன்னுடைய வழியிலேயே இன்னும் கொஞ்சம் முயன்று பார்ப்பார். அவரே பல தடவை செய்திருக்கிறார்.

ஜுலைகா மண்டையோட்டுத் திறப்பை அகலமாக்கினார். குழாயை உருவி எடுத்துத் தட்டில் வைத்தார். இடத்தை விட்டு ஒரு அடி நகர்ந்தார்.

"சார், இது உங்க இடம். வாங்க."

"நானா?"

"எனக்குத் தகட்டுல கை பழகலை. உங்களுக்கு இருபத்தெட்டு வருஷம். சிஸ்டர், சாருக்குத் தகடு குடுங்க."

அந்த அறையில் பதினோரு பேர் இருந்தார்கள். எல்லாரும் ஜுலைகாவிடம் வேலை பார்க்கிறவர்கள். 'கை பழகலை' என்ற சொல்லை அவர் வேறு எந்தச் சொல்லையும் சொல்கிற அதே குரலில்தான் சொன்னார்.

தாமோதரன் வந்து நின்றார். தகட்டை மேசையோடு பொருத்திய சட்டத்தில் மாட்டித் திருகிவிடுவதுதான் வழக்கம். அவர் மாட்டவில்லை. சட்டமெல்லாம் வராத காலத்தில் கற்றவர், கையிலேயே பிடித்துக்கொண்டார். இரண்டாவது தகட்டை ஜுலைகாவிடம் கொடுத்தார்.

"நான் நூறு எண்ணுவேன் மேடம். நூறுல தளர்த்திடுங்க. மூளை மூச்சு விட்டுக்கட்டும். அப்புறம் மறுபடி பிடிக்கலாம்."

"சரி சார்."

வாய்க்குள்ளேயே எண்ணினார். நூறு வந்ததும் இரண்டு தகடும் ஒன்றாகத் தளர்ந்தன. மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது நூறில் அந்த வாய் தெரிந்தது. தலைமுடி பருமனில் ஒரு தமனி, ஓரத்தில் கிழிந்திருந்தது. சூட்டுமுனையால் ஒரு தொடுதல். அடைபட்டுவிட்டது. கழுவினார்கள். தண்ணீர் தெளிவாக வந்தது.

"பிரஷர் ஏறுது," என்றார் மயக்க மருந்து டாக்டர்.

அகலமாகத் திறந்திருந்ததால் இப்போது எல்லாமே தெரிந்தது. ஆழத்தில், பேச்சு நரம்பின் மேல் ஒட்டிக்கொண்டு, மொச்சை அளவு மிச்சக் கட்டியும் தெரிந்தது. கண்ணில் பட்ட கட்டியைத் தாமோதரன் என்றைக்கும் விட்டுவைத்தவர் அல்ல.

"தெரியுது மேடம்."

"தெரியுது சார்."

"கைக்கு எட்டுது. எடுத்துட்டா ஸ்கேன் சுத்தமா இருக்கும்."

தாமோதரனின் கை அந்தத் திசையில் அரை சென்டிமீட்டர் நகர்ந்தது.

"முப்பத்தேழு," என்றார் ஜுலைகா.

கை நின்றது.

தாமோதரன் நூறு வரைக்கும் எண்ணினார். அவசரமில்லாமல், ஒவ்வொரு எண்ணாக. பிறகு தகட்டைத் தளர்த்தினார். மறுபடி பிடிக்கவில்லை.

முதல் நாள் செல்லப்பாண்டி பேசவில்லை. கண் விழித்தார், கையை அழுத்தச் சொன்னால் அழுத்தினார். வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. வீக்கம் வடிந்தால் வரலாம் என்று ஜுலைகா சொன்னார். வரும் என்று சொல்லவில்லை. முப்பிடாதி கட்டிலோரம் நின்றுகொண்டு, அணிப் பெண்கள் போனில் அனுப்பிய சேதிகளை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

தாமோதரன் அந்த இரண்டு நாளும் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். மதியம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, வார்டு வாசல் வரைக்கும் போய்த் திரும்பினார்.

மூன்றாம் நாள் காலை முப்பிடாதி வராந்தாவில் ஓடிவந்தார்.

"டாக்டரய்யா, கத்துதாக! காபில சீனி இல்லன்னு கத்துதாக!"

ஏழாம் நாள் செல்லப்பாண்டி கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே நின்றார். தலையில் கட்டு இருந்ததால் உடம்பைத் தாழ்த்த ஜுலைகா விடவில்லை. கடிகாரத்தைக் கழற்றித் தாமோதரனிடம் நீட்டினார்.

"நீங்க பாருங்க சார்."

மூச்சை இழுத்துக்கொண்டு செல்லப்பாண்டி ஆரம்பித்தார். மெதுவாகத்தான் வந்தது. ஆனால் ஒவ்வொரு 'கபடி'யும் உடையாமல், முழுசாக வந்தது. பக்கத்துக் கட்டில் பெரியவர் இந்தத் தடவை தெரிந்தே காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"முப்பத்தொண்ணு," என்றார் தாமோதரன். கடிகாரத்தை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டார்.

"பொங்கலுக்குள்ள நாப்பதுக்குக் கொண்டாந்திருதேன் சார்," என்றார் செல்லப்பாண்டி.

விடுப்பு முடிகிற அன்று தாமோதரன் தன் பெரிய தாளை எடுத்துக்கொண்டு ஜுலைகாவின் அறைக்கு வந்தார். ஜுலைகா எழுந்து நின்றார். இந்தத் தடவை தாமோதரன் உட்காரவே மாட்டேன் என்று நின்றார். சிஸ்டர் ரெஜினா இருவரையும் பார்த்துவிட்டு ஓ.பி.யைக் கவனிக்கப் போனார்.

தாளின் நடுவில் கோடு இருந்தது. இந்தப் பக்கம் தகடு, அந்தப் பக்கம் குழாய். அடியில் ஒரே ஒரு வரிசைக்கு இடம் இருந்தது.

"மேடம், ஒரு சந்தேகம். செல்லப்பாண்டிக்கு உள்ளே போனது குழாய். ரத்தத்தை நிறுத்துனது தகடு. இவரை எந்தப் பக்கம் எழுதறது?"

ஜுலைகா அடுத்த நோயாளியின் ஸ்கேனை வெளிச்சத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"அவர் பேர்ல எழுதுங்க சார்."