நாற்காலியோடு நாடு கடத்தப்பட்ட பிரபு

வடக்கே ஸ்காட்லாந்து என்று ஒரு குளிர் தேசம். முன்னொரு காலத்தில் அதை ஆண்ட ராஜாவுக்கு ஒருநாள் விடிந்ததும் ஒரு மனக்குறை. அவர் சபையில் மூத்த மந்திரி கில்கோரன் பிரபு. அவரை ராஜாவின் தாத்தா ஒருமுறை நாடு கடத்தித் திரும்ப அழைத்திருந்தார். அப்பாவும் அப்படியே. தாம் மட்டும் இன்னும் கடத்தவில்லையே என்று ராஜாவுக்கு உறுத்தியது.

"பிரபுவே, எங்கள் குல வழக்கத்தை நான் விடலாகாது. இந்த நொடி முதல் உம் கால் என் மண்ணில் படக்கூடாது. பட்டால் தலை போகும்" என்றார்.

மக்ரேவன் என்ற இன்னொரு மந்திரி இதற்காகத்தான் பத்து வருஷமாகக் காத்திருந்தான். "அரசே, நாடு கடத்தப்பட்டவரின் நிலம் பறிமுதல் என்பது சட்டம். அதை அடியேனுக்கு அருள வேண்டும்" என்று குழைந்தான். ராஜாவும் தலையாட்டிவிட்டார்.

கில்கோரன் தம் நிலத்துக் குடிகளை நினைத்தார். அந்த நிலத்தை நம்பி இருநூறு குடும்பங்கள் இருந்தன. மக்ரேவன் கைக்குப் போனால் அத்தனை பேரையும் விரட்டிவிட்டு ஆடு மேய்ப்பான். ஆனாலும் முகத்தில் எதையும் காட்டாமல், இரண்டு கால்களையும் தூக்கி நாற்காலிமேல் மடித்து வைத்துக்கொண்டார்.

"உத்தரவு, அரசே. தூக்கச் சொல்லுங்கள்."

நாலு சேவகர்கள் மூச்சு வாங்க அவரை நாற்காலியோடு சுமந்துபோய்த் துறைமுகத்தில் ஒரு படகில் வைத்தார்கள்.

மறுநாளே, கரையை விட்டு இன்னும் கிளம்பாத அந்தப் படகைத் தேடி மக்ரேவன் ஓடிவந்தான். அந்தத் தேசத்தில் நிலம் கைமாற ஒரு முறை உண்டு. கொடுக்கிறவர் அந்த நிலத்திலேயே நின்று, ஒரு பிடி மண்ணும் ஒரு கல்லும் எடுத்து வாங்குகிறவர் கையில் போடவேண்டும். இல்லாவிட்டால் ராஜா சொன்னாலும் செல்லாது.

"பிரபுவே, இறங்கி வந்து மண்ணைக் கொடுத்துவிட்டுப் போம்!"

"தாராளமாக. ஆனால் கால் பட்டால் தலை போகுமே. தண்டனை ரத்து என்று அரசரிடம் எழுதி வாங்கி வாரும், இறங்குகிறேன்."

மக்ரேவன் மூன்று நாள் ராஜாவின் காலைப் பிடித்துக் கெஞ்சி, முத்திரையோடு எழுதி வாங்கிவந்தான். வேடிக்கை பார்க்க ராஜாவும் கூடவே வந்தார்.

கில்கோரன் தம் நிலத்தில் குனிந்து மண்ணும் கல்லும் எடுத்தார். மக்ரேவன் இரண்டு கைகளையும் நீட்டினான்.

"அரசே, ஒரு சந்தேகம். நான் இப்போது நாடு கடத்தப்பட்டவனா?"

"இல்லையே. ரத்து செய்தாயிற்றே."

"அப்படியானால் என் நிலம் எந்தச் சட்டப்படி பறிமுதல்?"

மக்ரேவன் நீட்டிய கையை மடக்கக்கூட மறந்து நின்றான். ராஜா அவனைப் பார்த்தார், அவன் கெஞ்சி வாங்கிய கடிதத்தைப் பார்த்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நிலம் உமக்கே. மக்ரேவனின் பதவியும் சேர்த்து உமக்கே! மூன்று ராஜாக்களை எப்படி ஐயா சமாளித்தீர்?"

"இட்ட கட்டளையை ஓர் எழுத்துகூடக் குறைக்காமல் நிறைவேற்றினேன், அரசே. அதை எந்த ராஜாவாலும் நாலு நாளுக்குமேல் தாங்க முடிந்ததில்லை."