ஹுய்லானைக் கூப்பிட்ட மைக்

தீவு விமான நிலையத்தின் விசா அதிகாரி பவித்திரன் முத்திரையைச் செங்கோல் மாதிரிதான் பிடிப்பார். அவர் முன்னால் தனியாக வந்து நின்றார் சீனத்து நூடுல்ஸ் கடைக்காரக் கிழவர் ஷூ.

“இது தம்பதி விசா. ரெண்டு பேரும் சேர்ந்துதான் உள்ளே போகணும். போய்ப் பொண்டாட்டியைக் கூட்டிட்டு வாய்யா!”

மொழிபெயர்ப்புக்கு நின்ற பெண் சொன்னதைக் கேட்டுக் கிழவர் பணிவாகத் தலையாட்டினார்.

“நான் கூப்பிட்டா வரமாட்டேங்கிறா, சார். நீங்க பெரிய அதிகாரி, நீங்க கூப்பிட்டுப் பாருங்க. பேரு ஹுய்லான்.”

அதிகாரி நெஞ்சை நிமிர்த்தி மைக்கில் கூப்பிட்டார். மறுபடியும் அதட்டிக் கூப்பிட்டார். வரிசையில் யாரும் அசையவில்லை.

“எங்கேய்யா அவ?”

“விசா வந்த மறுநாள் செத்துப்போனா. உங்க அதட்டலுக்காவது வருவாளோன்னு ஒரு நப்பாசை.”

வரிசை முழுக்க அதிகாரியையே பார்த்தது. கிழவரின் பாஸ்போர்ட்டில் முத்திரை சத்தமில்லாமல் விழுந்தது.

வெளியே வந்த கிழவர், இளநீர்க்காரரிடம் பழக்கதோஷத்தில் இரண்டு விரலைக் காட்டினார்.