இலுப்பைப்பூ கொட்டிய பங்குனியில் செம்பி பூசிய கதவு

காட்டில் ஓர் இலுப்பை மரத்தடியில் எறும்புகள் புற்று வைத்திருந்தன. அங்கே ஒரு வழக்கம் உண்டு. இரை வந்ததும் வேணி என்ற எறும்பு அறை அறையாகப் போய்க் கதவைத் தட்டும். பசித்த அறை கதவைத் திறந்து, வேண்டியதை வாங்கிக்கொள்ளும்; யாருக்குப் பசி, எவ்வளவு போதும் என்று வேணி பார்த்துச் சொல்லும். வேணி தட்டாத நாளில், இருப்பதை வைத்து எல்லா எறும்பும் சிக்கனமாக இருந்துகொள்ளும்.

அந்தப் பங்குனியில் இலுப்பை பூத்துக் கொட்டியது. அத்தனையும் தேனாய் இனித்த பூ. எறும்புகள் இழுத்து இழுத்துக் குவித்தன. வேணியும் ஓயாமல் தட்டியது.

செம்பி என்ற தாய் எறும்புக்கு எரிச்சல் வந்தது. அதன் புழுக்குஞ்சு அப்போதுதான் தூங்கியிருந்தது.

"ஏன்டி, இப்பத்தானே தட்டினே?"

"இரையும் இப்பத்தானே வந்துது, அக்கா. தட்ட வேண்டாமா?"

"உனக்கு ஒரு பிள்ளை இருந்தா தெரியும்."

வேணி அடுத்த அறைக்குப் போனது.

செம்பி பிள்ளையை உள்ளே விட்டு வெளியே வந்து, ஈரமண்ணை உருட்டிக் கதவிடுக்கில் அழுத்திப் பூசியது. இனி எவ்வளவு தட்டினாலும் உள்ளே கேட்காது. அதைப் பார்த்து மற்ற அறைகளும் பூசிக்கொண்டன. செம்பி பூப்பொறுக்கப் போனது. மழைக்காலத்துக்குப் பிள்ளைக்கென்று சேர்க்க வேண்டாமா? கொண்டு வந்ததை வாசலிலேயே போட்டுவிட்டு, பிள்ளை தூங்கட்டும் என்று திரும்பத் திரும்பப் போனது.

நடைவழியெல்லாம் பூ. அது புளித்துப் பாகாகி, காலில் ஒட்டியது. வேணி அதற்குள் நின்று இன்னும் பலமாகத் தட்டியது. தட்டித் தட்டி அதன் உணர்கொம்பு தேய்ந்தது.

"அக்கா, பிள்ளை சாப்பிட்டு நாளாச்சு. வந்து திற."

"வாசல் முட்டச் சோறு கிடக்கு. என் பிள்ளைக்கா பசி? போய் வேற வேலையைப் பாரு."

ஒரு காலை, தட்டும் சத்தம் நின்றுபோனது. செம்பி பூவைப் போட்டுவிட்டு ஓடியது. தன் கதவின் முன்னால், பாகில் கால் ஒட்டியபடி வேணி செத்துக் கிடந்தது.

மண் கல்லாகக் காய்ந்திருந்தது. செம்பி வாய் கிழியக் கடித்துக் கடித்துத் திறந்தது. உள்ளே பிள்ளை பாதியாகச் சுருங்கியிருந்தது. கூடு கட்ட நூற்றுவைத்த தன் நூலையே தின்று உயிர் பிடித்திருந்தது.

"அம்மாவைக் கூப்பிட்டிருக்கக் கூடாதா, கண்ணு?"

"கூப்பிட்டேனே அம்மா. உனக்குக் கேக்கலையா?"

செம்பி துளித்துளியாக ஊட்டியது. பிள்ளை பிழைத்தது. ஆனால் கூடு கட்டி எறும்பாக மாற அதற்கு நூலும் இல்லை, தட்டிச் சொல்ல வேணியும் இல்லை. எப்போது பசிக்கிறது, எவ்வளவு போதும் என்று இனி ஒவ்வொரு வேளையும் செம்பிதான் தொட்டுப் பார்க்க வேண்டும், பிள்ளையின் ஆயுசு முழுக்க.

வாசலில் குவிந்தது வயிற்றை நிரப்பாது. பசியையும் போதுமென்பதையும் சொல்ல வரும் குரலை அடைத்தவர், நிறைவின் நடுவிலேயே பட்டினி கிடப்பார்.