துரைத்திட்டுக்கு மேலே

துரைப்பாறைக்கு அந்தப் பேர் வந்த கதையை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் துரை கயிறு கட்டி அதில் ஏறினாராம். பாதி உயரத்தில், ஒரு ஆள் உட்காருகிற அளவுக்குத் திட்டு ஒன்று நீட்டிக்கொண்டு நிற்கிறது. அங்கே தன் பேரையும் வருஷத்தையும் உளி வைத்து வெட்டியிருக்கிறார். கீழே நின்று பார்த்தாலே தெரியும்.

"அதுக்கு மேல துரை போகலையா டீச்சர்?" என்று ஒருநாள் உலகம்மாள் கேட்டாள்.

"போயிருந்தா மேல போயில்லா எழுதியிருப்பாரு," என்றாள் முப்பிடாதி.

முப்பிடாதி பாறை ஏறச் சொல்லிக்கொடுக்கிறவள். வடக்கே பனிமலைப் பக்கம் ஆறு வருஷம் இருந்து படித்துவிட்டு வந்து, பாறையடியில் தகரக் கொட்டகை போட்டிருந்தாள். குருவுக்கு வயசு முப்பத்தொன்று. சிஷ்யை உலகம்மாளுக்கு நாற்பத்தேழு. அதனால் சிஷ்யை குருவை 'டீச்சர்' என்பாள். குரு சிஷ்யையை 'யக்கா' என்பாள்.

உலகம்மாள் கல்குவாரியில் இருபது வருஷம் ஜல்லி உடைத்தவள். முதல்நாள் வந்தபோது இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

"இந்தக் கைக்கு உடைக்கத்தான் தெரியும். பிடிக்கச் சொல்லித் தாங்க டீச்சர்."

ஊர் சிரித்தது. "மதினி, பேரன் எடுக்கிற வயசுல பல்லி மாதிரி ஒட்டப்போறியளாக்கும்," என்று தண்ணீர்க் குழாயடியில் கேட்டார்கள்.

"பல்லி சொன்னாலாவது பலன் பாக்குதிய. நான் சொன்னா யாரு கேக்கா," என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

இரண்டு வருஷம் ஆயிற்று. சின்னப் பாறையெல்லாம் ஏறி முடித்துவிட்டாள்.

டீச்சரிடம் ஒரு பழக்கம் உண்டு. கை வழுக்காமல் இருக்க வெள்ளைப் பொடி தடவுவார்கள் இல்லையா, பாறையைத் தொடுவதற்கு முன்னால் அதில் ஒரு சிட்டிகை எடுத்துப் பாறைமேல் ஊதுவாள். பிறகுதான் தன் கையில் தடவுவாள்.

"அது எதுக்கு டீச்சர்?"

"முன்னால போனவுகளுக்கு."

"யாரு அவுக?"

"பொம்பளையாளுக."

"எத்தனை பேரு?"

"எண்ணினதில்ல."

"பேரு?"

"தெரியாது யக்கா."

ஊரில் ஒன்றிரண்டு பேச்சு உண்டுதான். ஆட்டுக்குட்டியைத் தேடி ஏறின ஒருத்தி. தேனுக்கு ஏறின ஒருத்தி. புருஷன் அடிக்குத் தப்பி ஏறி, மூன்று நாள் இறங்க மாட்டேன் என்று இருந்த ஒருத்தி. 'ஏறினா, பாறை முழுங்கிட்டு' என்று கதையை அதோடு முடித்துவிடுவார்கள். இறங்கி வந்தாளா என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

உலகம்மாள் பாறையில் ஒட்டியிருந்த பொடியைத் தொட்டுப் பார்த்தாள்.

"பேரு தெரியாதவுகளை எப்படி டீச்சர் நினைக்கது?"

டீச்சர் பாறையை அண்ணாந்து பார்த்தாள்.

"துரைத்திட்டுக்கு மேல ஏறுதியளா யக்கா?"

உலகம்மாள் இந்தச் சொல்லுக்குத்தான் இரண்டு வருஷமாகக் காத்திருந்தாள்.

மறுநாள் காலையில் வந்தபோது இடுப்பில் ஒரு சின்னப் பெயிண்ட் டப்பா கட்டியிருந்தாள். கூடவே பிரஷ்.

"என்னக்கா இது?"

"மேல போய் எழுத. உலகம்மாள்னு. ஆறே எழுத்து."

"எழுதத் தெரியுமா?"

"அது ஒண்ணுதான் எழுதத் தெரியும்."

டீச்சர் சிரிக்கவில்லை. உலகம்மாளே சொன்னாள்.

"குவாரியில வருகைச் சீட்டுல என்னை எப்படி எழுதியிருக்கு தெரியுமா? மாசானம் சம்சாரம். மாசானம் போய்ச் சேந்து ஆறு வருஷமாச்சு. இன்னும் மாசானம் சம்சாரம்தான். மேஸ்திரிகிட்ட என் பேரு இதுன்னு சொன்னேன். இத்தனை வருஷம் பழகின கையி, மாத்தி எழுத வராதுங்கான். எங்கேயாவது ஓரிடத்துல என் பேரு இருக்கணும் டீச்சர். அதுவும் முதல் பேரா. மேல போறவ நான்தானே முதல்?"

"போய்ட்டு வந்து நீங்க சொல்லுங்க."

டீச்சர் கயிற்றை அவள் இடுப்பு வாரில் முடிந்தாள். முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள்.

"விரிசல்ல ஆப்பு செருகி, அதுல கயித்தைக் கோத்துக்கிட்டே போங்க. தவறினா ஆப்பு தாங்கும். திட்டுக்கு மேல என் சத்தம் எட்டாது. காத்து கொண்டுபோயிரும். கயித்தை ஒருதடவை இழுத்தா நான் பிடிச்சிக்கிடுவேன். ரெண்டு தடவை இழுத்தா விடுவேன்."

"வேற சத்தம் எதுவும் கேட்டா?"

"கேட்டுக்கிடுங்க," என்றாள் டீச்சர்.

திட்டுவரைக்கும் சிரமம் இல்லை. உலகம்மாள் துரையின் எழுத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். வெட்டின பள்ளத்தில் விரலை விட்டுப் பார்த்தாள். நல்ல உளி. நல்ல கை. அதற்கு மேலே அண்ணாந்து பார்த்தாள். ஒரு கீறல் இல்லை.

எழுந்து ஏறினாள்.

ஐந்தாறு பிடி போனதும் காற்று நின்றது. கீழே ஆட்டு மணிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, அதுவும் நின்றது. அவள் மூச்சு மட்டும் கேட்டது. கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தாள், மூச்சு இரண்டாகக் கேட்டது. தன் மூச்சை அடக்கினாள். ஒன்று நின்றது. இன்னொன்று நிற்கவில்லை.

பாறையில் மோதித் திரும்பி வருகிறது என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்தால்தான் ஏற முடியும்.

அதற்கு மேலே பாறை வயிறு மாதிரிப் பிதுங்கி நிற்கிற இடம். வலது பக்கம் சுவர் மாதிரி மடிந்து வருகிறது. உலகம்மாள் அந்த மூலையில் ஒடுங்கி நின்றாள். ஆப்பு செருக விரிசல் இல்லை. கடைசி ஆப்பு இரண்டு ஆள் உயரம் கீழே இருந்தது. அதையும் அரைகுறையாகத்தான் செருகியிருந்தாள். அது தாங்காது என்று அவளுக்குத் தெரியும்.

மேலே கைவிட்டுத் துழாவினாள். மொட்டைத் தலை மாதிரி வழுவழு என்றிருந்தது. இன்னும் துழாவினாள். வலதுகால் அறுத்த கோழி மாதிரி உதற ஆரம்பித்தது. இடதுகையில் சுண்டுவிரல் பிடியிலிருந்து கழன்றது.

"வலக்கை."

பொம்பளைக் குரல். மேலேயிருந்து வந்தது. கத்தவில்லை. அடுப்படியில் பக்கத்தில் நின்று பேசுகிறவள் மாதிரி இருந்தது.

"யாரு?"

"வலக்கை. மேல தேடாத. காதுக்குப் பின்னால."

உலகம்மாள் வலதுகையைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோனாள். மடிப்புச் சுவரில் குழிவாக ஒரு பிடி. நாலு விரல் உட்கார இடம், கட்டைவிரலுக்குத் தனியாக ஒரு பள்ளம்.

கல் உடைத்தவளுக்குக் கல் தெரியும். தானாகத் தெறித்த கல்லும் தெரியும், இரும்பு பட்ட கல்லும் தெரியும். இது இரண்டும் இல்லை. திரும்பத் திரும்பத் தோல் பட்டுத் தேய்ந்த கல்.

அந்தப் பக்கத்தில் வெயில் விழுந்ததே கிடையாது. பிடி சூடாக இருந்தது. இப்போதுதான் யாரோ கையை எடுத்த மாதிரி.

"யாரு அது? உன் பேரு என்ன?"

"இடக்கால். முட்டி உசரம்."

காலைத் தூக்கி வைத்தாள். கால் வைக்க இடம் இருந்தது. அப்புறம் அந்தப் பாறை வயிற்றைத் தாண்டி, தவழ்ந்து, உச்சியில் போய்க் குப்புற விழுந்தாள்.

உச்சியில் யாரும் இல்லை.

ஒரு களம் அளவுக்குச் சமதரை. நடுவில் ஒரு குழியில் மழைத்தண்ணீர். ஓரமாக ஒரு இச்சிமரம். ஒளிய ஒரு இடம் கிடையாது. இறங்கிப் போக வேறு வழியும் கிடையாது. மூன்று பக்கமும் செங்குத்து.

"யம்மா," என்று கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு, "யக்கா," என்றாள். யாரையும் காணோம்.

மரத்துப் பக்கம் போனாள். அடிமரத்தில் கயிறு அறுத்த தடம் இருந்தது. தடத்தின்மேல் பட்டை வளர்ந்து, அதன்மேல் இன்னொரு தடம், அதன்மேலும் பட்டை. ஏழுவரை எண்ணிவிட்டு விட்டுவிட்டாள். பாறையெல்லாம் சுற்றிப் பார்த்தாள். ஒரு எழுத்து இல்லை.

சரி, எழுதுகிறவள் நான்தான் முதல் என்று நினைத்தாள். நல்ல தட்டையான கல்லாகப் பார்த்து உட்கார்ந்தாள். டப்பாவை அவிழ்த்து, மூடிக்கு அடியில் நகத்தைக் கொடுத்தாள்.

அப்போது மூச்சுச் சத்தம் கேட்டது. கீழேயிருந்து.

உலகம்மாள் விளிம்புக்குப் போய்ப் படுத்து எட்டிப் பார்த்தாள். பிதுக்கம் மறைத்தது. அவளுடைய கயிறு சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில், பாறை மடிகிற இடத்தில், விரல்கள் மட்டும் தெரிந்தன. சின்ன விரல்கள். நகத்தில் மருதாணி. அழுத்திப் பிடித்ததில் வெளுத்துப்போய் நடுங்கிக்கொண்டிருந்தன.

"மேல யாரு?"

இளங்குரல். உடைந்துபோய் வந்தது.

இருபது வருஷத்தில் ஒருத்தரும் உலகம்மாளிடம் அப்படிக் கேட்டதில்லை. ஆறு எழுத்தும் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. வாயைத் திறந்தாள்.

அந்த விரல்களில் ஒன்று கழன்றது.

"வலக்கை," என்றாள் உலகம்மாள்.

"யாருக்கா அது? உங்க பேரு என்ன?"

இன்னொரு விரல் கழன்றது.

"வலக்கை. மேல தேடாத. காதுக்குப் பின்னால."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவள் காதில் விழுந்தது. விரல்கள் வலது பக்கமாகப் போய் மறைந்தன.

"இடக்கால். முட்டி உசரம்," என்றாள்.

கீழே மூச்சு நிதானப்பட்டது. மேலே ஏறி வந்தது. முகத்துக்கு நேரே வந்தது. வேர்வையும் விளக்கெண்ணெயும் கலந்த வாசனை ஒன்று அவளைக் கடந்து போனது, குறுகின வாசலில் ஒரு ஆள் உரசிப் போகிற மாதிரி. திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. காற்று இல்லாத அந்த உச்சியில், குழித் தண்ணீர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு கை அள்ளிக் குடித்த மாதிரி.

உலகம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே டப்பாவைத் திரும்ப இடுப்பில் கட்டினாள். தண்ணீர் அடங்கினதும் எழுந்தாள். மரத்தில் கயிற்றைச் சுற்றினாள். பழைய தடத்தில் கயிறு தன் இடம் மாதிரிப் போய் உட்கார்ந்தது. இறங்கினாள். கீழே நின்று கயிற்றை உருவினாள்.

டீச்சர் தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். உலகம்மாள் குடிக்கவில்லை.

"எனக்குப் பின்னால யாரும் ஏறினாகளா டீச்சர்?"

"இருக்கது ஒரு கயிறு. அதுல நீங்கதான் இருந்திய."

"மேல நீங்க போயிருக்கியளா?"

டீச்சர் குனிந்து கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தாள். உள்ளங்கையிலிருந்து முழங்கைக்கு, முழங்கையிலிருந்து உள்ளங்கைக்கு.

"எழுதினியளா யக்கா?"

உலகம்மாள் இடுப்பிலிருந்து டப்பாவை எடுத்துக் கீழே வைத்தாள். மூடியைத் திறந்திருக்கவில்லை.

"துரைத்திட்டைத் தாண்டினதும் ஒருத்தி எனக்கு வழி சொன்னா டீச்சர். அவ சொல்லலேன்னா இப்ப நான் இல்ல. ரெண்டு தடவை கேட்டேன், நீ யாருன்னு. பிடியைச் சொன்னா, காலைச் சொன்னா. பேரைச் சொல்லலை. ஒரு பேரு. அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஏன் டீச்சர் சொல்லாம போனா?"

டீச்சர் சுருட்டிய கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"உங்ககிட்டயும் ஒருத்தி கேட்டிருப்பாளே யக்கா," என்றாள். "நீங்க சொன்னியளா?"