பிள்ளைக்குப் பி.எஃப். உண்டா

கோவில்பட்டியில் கடலைமிட்டாய் கம்பெனி நடத்திய தர்மலிங்கம், ஆயுதபூஜை வந்தால் மைக்கைப் பிடித்து, தொழிலாளர்களைப் பார்த்து, “நீங்கள்லாம் என் பிள்ளைங்க” என்று உருகிவிடுவார்.

இந்தத் தடவை பாக்கிங் பிரிவு மாடத்தி எழுந்தாள். “மொதலாளி, பி.எஃப். பிடிச்சு உங்க பங்கையும் போட்டா, எங்களுக்கு வயசான காலத்துல ஆகும்.”

முதலாளி சிரித்தார். “பெத்த பிள்ளைக்கு எந்த அப்பன் பி.எஃப். கட்டியிருக்கான்? ஒருத்தனைக் காட்டு, நானும் கட்டுறேன்.”

“ஒருத்தனும் கட்டல மொதலாளி. பிள்ளைன்னா சொத்துல பாகம்தான். கம்பெனியில என் பாகத்தைக் காட்டிருங்க. பாகு காய்ச்சுற இடம்னாலும் சம்மதம்.”

முன்வரிசையில் இருந்த முதலாளியின் சொந்த மகனுக்குப் பொரி புரையேறியது.

மறுமாதமே எல்லாருக்கும் பி.எஃப். பிடித்தார்கள். அதைப் பற்றி விளக்கிச் சொல்லப் பி.எஃப். ஆபீசிலிருந்து ஒருவரும் வந்தார். அடுத்த ஆயுதபூஜைக்கு முதலாளி, “என் அருமைத் தொழிலாளர்களே” என்று ஆரம்பித்தார். முதல் கைதட்டு மாடத்தியுடையது.